பேட்ச் ஃபைல் நமக்காக விசை தட்டுமா? பழைய டாஸ் கணக்கு நிரலிலிருந்து 144 மாத அறிக்கை எடுக்கணும்

நூல்கடை மகள்:
வணக்கங்க. அப்பா 1987 தை மாதம் ஈரோட்டில் நூல் கடை திறந்தார். 1998 டிசம்பரோடு மூடினார். தொடங்கின நாளிலிருந்தே கணக்கு கம்ப்யூட்டரில்தான். முதலில் ஒரு எக்ஸ்டி, பிறகு ஒரு 486. அந்த 486 இன்னும் ஓடுது, எம்எஸ்-டாஸ் 6.22. கணக்கு நிரலை அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. மூல நிரலும் இல்லை, எக்ஸ்இ மட்டும் இருக்கு.

எனக்கு வேண்டியது ஒவ்வொரு மாதத்தின் பேரேடும் தனித்தனிக் கோப்பாக. நிரலில் அதற்கு வழி உண்டு. மெனுவில் ஆர், பிறகு 3, மாதம் இரண்டு இலக்கம், வருடம் இரண்டு இலக்கம், என்டர், கோப்பில் எழுத எஃப், என்டர், வெளியே வர எஸ்கேப் இரண்டு தடவை. மொத்தம் 11 தட்டு. 12 வருடம் என்றால் 144 மாதம், 1584 தட்டு. எண்ணிக்கையைக் கண்டு பயப்படவில்லை. நடுவில் ஒரு இலக்கம் மாற்றித் தட்டிவிட்டால் எந்த மாதம் எந்தக் கோப்பு என்றே தெரியாமல் போகும், அதுதான் கவலை.

முதலில் ஒரு பேட்ச் ஃபைல் (டாஸ் கட்டளைகளை வரிவரியாக எழுதி வைக்கும் கோப்பு) எழுதிப் பார்த்தேன். முதல் வரியில் நிரலின் பெயர், அடுத்தடுத்த வரிகளில் விசைகள். நிரல் திறந்து மெனுவில் அப்படியே நிற்குது. நான் கையால் வெளியே வந்ததும் டாஸ், ஆர் என்ற கட்டளை இல்லை, 3 என்ற கட்டளை இல்லை என்று வரிசையாகத் திட்டுது. என்ன தப்பு?

கருந்திரை:
தப்பு உங்க மேல இல்லைங்க. பேட்ச் ஃபைலைத் தொட்ட எல்லாருமே முதல்ல இதைத்தான் எழுதியிருப்போம். நான் 1988-லிருந்து பத்து வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ்ல இருந்தேன். கடை கடையா போய் இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கேன்.

பேட்ச் ஃபைலைப் படிக்கிறது கமாண்ட்.காம், டாஸ்ல நாம தட்டற கட்டளையை வாங்கி ஓட்டற நிரல். அது ஒரு வரியை எடுக்கும், அந்த நிரலை ஓட விடும், நிரல் முடியற வரைக்கும் தூங்கும். முடிஞ்சப்புறம்தான் அடுத்த வரியை எடுக்கும். உங்க நிரல் ஓடற நேரத்துல அந்த ஃபைலை யாருமே பார்க்கறதில்லை. அதனால ரெண்டாவது வரியில நீங்க எழுதின ஆர், நிரலுக்குப் போகாம டாஸுக்குப் போகுது.

நிரலுக்கு விசையைக் கொடுக்கணும்னா ஒரு விஷயம் தெரிஞ்சே ஆகணும்: அந்த நிரல் எந்த வாசல்ல கையை நீட்டுது? மூணு வாசல் இருக்கு. ஒண்ணு, டாஸ் கிட்ட "ஒரு எழுத்து கொடு"ன்னு கேக்கறது. ரெண்டு, டாஸைத் தாண்டிப் போய் பயாஸ் (கம்ப்யூட்டர் சிப்புலயே இருக்கிற அடிப்படை நிரல்) கிட்டக் கேக்கறது, இன்டரப்ட் 16. மூணு, கீபோர்டு போர்ட்டையே நேரா படிக்கறது. விளையாட்டு நிரல்கள் பல இப்படித்தான். முதல் வாசல்னா வேலை சுலபம். ரெண்டாவதுன்னா கொஞ்சம் கஷ்டம். மூணாவதுன்னா பேட்ச் ஃபைலால ஒண்ணும் ஆகாது.

முதல் வாசலா இல்லையான்னு இப்பவே பார்த்துடலாம். 11 விசையையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிட்டு, நிரல் பெயருக்குப் பின்னால இடப்பக்கம் பார்க்கும் கோணக்குறி போட்டு அந்த ஃபைல் பெயரைக் கொடுங்க. எஸ்கேப்பை எழுத வராது, அது இல்லாமலே பாருங்க. மெனு தானா நகர்ந்தா முதல் வாசல். கீபோர்டுக்காகக் காத்து நின்னா இல்லை.

ஹெக்ஸ்20:
ஐயா, ஒரு சந்தேகம். டாஸ் கட்டளைகளுக்கு மட்டும் அந்த வழி எப்படி வேலை செய்யுது? "எக்கோ ஒய் | டெல் *.*" என்று எங்கோ பார்த்திருக்கிறேன்.

கருந்திரை:
அது முதல் வாசல் தம்பி. டெல் ஸ்டார் டாட் ஸ்டார் கொடுத்தா "நிச்சயமா?"ன்னு கேக்கும், ஒய் தட்டி என்டர் அடிக்கணும். அந்தப் பதிலை டெல் டாஸ் வழியா வாங்குது. 1983-ல டாஸ் 2.0 வந்தப்ப, உள்ளீட்டை ஃபைல்லேருந்து திருப்பிவிடற வசதியும் கூடவே வந்தது. எக்கோ எழுதற ஒய்யும் அதுக்குப் பின்னால வர்ற என்டரும் டெல் கைக்குப் போயிடும். டேட் கட்டளைக்கு வெறும் என்டர் கொடுத்து இன்னைக்குத் தேதியை ஒரு ஃபைல்ல பதிச்சு வைக்கறதும் இதே வழிதான். ஃபார்மட், எட்லின், டிபக் எல்லாம் இந்த வாசல்ல வர்றவங்கதான்.

டாஸ்ல அந்தக் குழாய் (நடுவுல இருக்கிற | குறி) நிஜமான குழாய் இல்லை. முதல் நிரல் முழுசா ஓடி முடிஞ்சு, அது எழுதினது ஒரு தற்காலிக ஃபைலா டிஸ்க்ல உக்காரும். அப்புறம்தான் ரெண்டாவது நிரல் அதைப் படிக்கும். ஃப்ளாப்பியில எழுதத் தடை ஒட்டி வச்சிருந்தா அந்தக் குழாய் வேலை செய்யாது. ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அரை நாள் இதைத் தேடியிருக்கேன்.

சிபிஎம் காலத்தவர்:
நூல்கடை மகள் முதலில் எழுதிய பேட்ச் ஃபைல் தவறான யோசனை அல்ல என்று சொல்ல விரும்புகிறேன். ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வருவதற்கு முன்பே அதே யோசனை வேறோர் இயங்குதளத்தில் நடைமுறையில் இருந்தது. கேரி கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் உருவாக்கிய சிபி/எம்-மைத்தான் சொல்கிறேன்.

அங்கே சப்மிட் என்று ஒரு கட்டளை. கட்டளைகளை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். அதிலும் இதே குறை: நிரலுக்குள் விசை போகாது. அதற்காகவே சிபி/எம் 2 உடன் எக்ஸ்சப் என்ற சிறு நிரல் வந்தது. சப்மிட் கோப்பின் முதல் வரியில் எக்ஸ்சப் என்று எழுதிவிட்டால் அது நினைவகத்தில் அமர்ந்துகொள்ளும். பிறகு ஒரு நிரல் "ஒரு முழு வரி கொடு" என்று கேட்கும்போது கீபோர்டுக்குப் போகாமல் சப்மிட் கோப்பின் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும். ஈடி, பிப், டிடிடி போன்றவற்றை இப்படி ஓட்டலாம்.

1983இல் பம்பாயில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் மாலை இருபது கோப்புகளை பிப் வழியாக வேறு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். எக்ஸ்சப் போட்டுவிட்டு நான் இரண்டாவது ஃப்ளாப்பியை மாற்றுவதற்கு மட்டும் அருகில் நிற்பேன். வட்டு இயக்கி ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை கடகடவென்று சத்தமிடும். இருபது சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. திரையைப் பார்க்கவே தேவையிருக்காது.

அதற்கும் எல்லை உண்டு. முழு வரியாகக் கேட்கும் நிரல்களுக்கு மட்டுமே எக்ஸ்சப் உதவும். வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு விசையையும் தனித்தனியாக வாங்கும், அதனிடம் செல்லாது. கருந்திரை சொன்ன வாசல் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு வந்த சிபி/எம் 3இல் சப்மிட் கோப்பிலேயே கோணக்குறியோடு தொடங்கும் வரி நிரலுக்கான உள்ளீடு என்று ஆக்கினார்கள். மைக்ரோசாஃப்ட் டாஸின் பேட்ச் கோப்பில் இதைச் சேர்த்திருந்தால் எத்தனையோ பேரின் வேலை மிச்சமாகியிருக்கும். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான்.

கிளாஸ் மாணவி:
நான் பள்ளியில் படித்தபோது, 1984-85இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு பிபிசி மைக்ரோ வந்தது. ஏகார்ன் நிறுவனம் செய்த எட்டு பிட் கணினி. அதில் இந்தக் கேள்வியே எழாது. நட்சத்திரக் குறியோடு எக்ஸெக் என்று தட்டி ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், கோப்பில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டில் தட்டியது போலவே உள்ளே போகும். கட்டளைக்குப் போகிறதா, ஓடிக்கொண்டிருக்கும் பேசிக் நிரலின் கேள்விக்குப் போகிறதா என்ற வேறுபாடே கிடையாது.

எங்கள் ஆசிரியை வட்டில் !பூட் என்று ஒரு கோப்பை வைத்திருப்பார். ஷிஃப்டைப் பிடித்தபடி ப்ரேக் விசையைத் தட்டி விட்டால் அந்தக் கோப்பு எக்ஸெக் ஆகும். பாட நிரல் ஏறும், "உன் வகுப்பு எது" என்ற கேள்விக்கு 8 என்ற பதிலும் தானாக விழும். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு பதில் மிச்சமானதே பெரிய விஷயம். ஆப்பிள் 2-விலும் எக்ஸெக் என்று இதே போன்ற கட்டளை உண்டு. கொமடோர் 64இல் கீபோர்டு கிடங்கில் பத்து எழுத்து வரை நாமே போக் (நினைவகத்தில் நேராக எழுதும் கட்டளை) செய்து நிரப்பி, 198ஆம் முகவரியில் எண்ணிக்கையை எழுதிவிட்டால், நிரல் முடிந்ததும் அந்த எழுத்துகள் தாமாகத் தட்டப்படும்.

நூல்கடை மகள்:
கருந்திரை ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். மெனு அப்படியே நிற்குது. கையால் ஆர் தட்டினால் உடனே வேலை செய்யுது. அப்படியென்றால் முதல் வாசல் இல்லை.

ஃபாக்ஸ்ப்ரோ பழகியவன்:
தங்கச்சி, குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இவ்வளவு சுத்தணுமா? அந்த டைரக்டரியில .டிபிஎஃப் ஃபைல் இருக்கான்னு பாருங்க. இருந்தா டிபேஸ் வடிவம். முதல் 32 பைட் தலைப்பு, அதுக்கப்புறம் ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட் விவரம், பிறகு பதிவுகள் வரிசையா சம நீளத்துல. லிப்ரஆஃபீஸ் அப்படியே திறக்கும். 1584 தட்டும் வேணாம், ஒரு தட்டும் வேணாம்.

நூல்கடை மகள்:
பார்த்தேங்க அண்ணா. இருக்கு, திறக்கவும் முடியுது. ஆனால் அதில் வரவும் பற்றும் மட்டும்தான் இருக்கு. வட்டி, கழிவு, முன்மாத மீதி எல்லாம் அறிக்கை போடும்போது நிரல் கணக்கிடுது. ஒவ்வொரு வியாபாரிக்கும் அப்பா வேறு வேறு நாள் கணக்கில் வட்டி போட்டிருக்கார், அந்த விதி நிரலுக்குள்ளே இருக்கு. அறிக்கையில் வரும் தொகைதான் அன்றைக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட தொகை. அது அப்படியே வேண்டும்.

ஃபாக்ஸ்ப்ரோ பழகியவன்:
அப்படின்னா நீங்க சொல்றதுதான் சரி. தரவு வேற, கணக்கு வேற.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த நிரல் க்ளிப்பர்ல (டிபேஸ் மொழியில எழுதினதை எக்ஸ்இ ஆக்கற கருவி) எழுதினதா இருக்க வாய்ப்பு அதிகம். டிபேஸ்லயும் க்ளிப்பர்லயும் "க்ளியர் டைப்அஹெட்"னு ஒரு கட்டளை உண்டு. அவசரமா முன்கூட்டியே தட்டின விசைகளைத் துடைச்சுப் போட்டுடும். பொறுப்பா எழுதறவங்க மெனுவுக்கு முன்னால அதைப் போட்டிருப்பாங்க.

கருந்திரை:
சரிங்க, இப்ப ரெண்டாவது வாசல். இதைக் கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

விசையைத் தட்டினதும் பயாஸ் அதை ஒரு சின்னக் கிடங்குல போடும். நிரல் கேக்கும்போது அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். கிடங்கு இருக்கிற இடம் 40:1ஈ, பதினாறடிமானத்துல. மொத்தம் 32 பைட். ஒரு விசைக்கு ரெண்டு பைட், எழுத்தோட ஆஸ்கி எண் ஒண்ணு, விசையோட ஸ்கேன் எண் ஒண்ணு. 40:1ஏ-வில "அடுத்து எடுக்க வேண்டிய இடம்", 40:1சி-யில "அடுத்து போட வேண்டிய இடம்". ரெண்டும் ஒண்ணா இருந்தா கிடங்கு காலின்னு அர்த்தம். அதனாலதான் 16 இடம் இருந்தும் 15 விசை மட்டும் கொள்ளும். பதினாறாவதையும் போட்டா ரெண்டு புள்ளியும் ஒண்ணாகி நிறைஞ்சது காலி மாதிரி ஆயிடும். பழைய கம்ப்யூட்டர் வேலையா இருக்கறப்ப அவசரமா தட்டினா கீச்சுனு ஒரு சத்தம் வரும் பாருங்க, கிடங்கு நிறைஞ்சுடுச்சுன்னு பயாஸ் சொல்றது அது.

இந்தக் கிடங்கை நாமே நிரப்பலாம். நிரப்பிட்டு நிரலை ஓட விட்டா, நிரல் நாம தட்டினதாவே நினைச்சு எடுத்துக்கும். கமாண்ட்.காம் பேட்ச் வரியை டிஸ்க்லேருந்து படிக்குது, கீபோர்டைத் தொடறதில்லை. அதனால நாம நிரப்பின விசை கலையாம, அடுத்த வரியில வர்ற நிரலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். உங்களுக்கு 11 விசைதான், 15-க்குள்ள அடங்கிடுது.

நிரப்பறதுக்கு டாஸோட வர்ற டிபக் போதும், நினைவகத்துல நேரா எழுத விடற நிரல் அது. பதினாறடிமான எண்ணைத் தமிழ்லயே எழுதறேன், ஏ பி சி டி ஈ எஃப்னு படிச்சுக்குங்க. "ஒன்.பேட்"னு ஒரு ஃபைல்:

எக்கோ ஈ 40:1ஈ 'ஆர்' 0 '3' 0 '%3' 0 '%4' 0 '%1' 0 '%2' 0 > விசை.ஸ்க்ர்
எக்கோ ஈ 40:2ஏ 0டி 1சி 'எஃப்' 0 0டி 1சி 1பி 1 1பி 1 >> விசை.ஸ்க்ர்
எக்கோ ஈ 40:1ஏ 1ஈ 0 34 0 >> விசை.ஸ்க்ர்
எக்கோ க்யூ >> விசை.ஸ்க்ர்

அடுத்த வரியில டிபக்குக்கு விசை.ஸ்க்ர் ஃபைலைக் கோணக்குறியால கொடுங்க. அதுக்கடுத்த வரியில உங்க நிரல். கடைசி வரியில, நிரல் எழுதின ஃபைலுக்கு வருஷமும் மாசமும் சேர்த்துப் பேர் மாத்துங்க.

வரி ஆரம்பத்துல வர்ற ஈ, அந்த இடத்துல எழுதுன்னு டிபக்குக்குச் சொல்ற கட்டளை; க்யூ வெளியேறு. 0டி 1சி என்டர். 1பி 1 எஸ்கேப். சாதாரண எழுத்துக்கு ஸ்கேன் எண்ணா 0 போட்டிருக்கேன். ஆல்ட்டைப் பிடிச்சு எண் தட்டி எழுத்து வரவழைச்சாலும் ஸ்கேன் எண் 0-தான் வரும், நிரல்கள் பொதுவா ஏத்துக்கும். முதல் ஆறு விசை 1ஈ-ல ஆரம்பிச்சு 2ஏ-க்கு முன்னால முடியுது, மீதி அஞ்சு 34-க்கு முன்னால முடியுது. புள்ளிகளை நிரப்பற வரி கடைசியில வரணும். எழுத்தெல்லாம் உக்காந்த பிறகுதான் கிடங்கைத் திறக்கணும்.

டாஸ் பேட்ச்ல ஒரு சொல்லைப் பிச்சு இலக்கம் இலக்கமா எடுக்க வழியில்லை. அதனாலதான் %1 %2-ல வருஷம், %3 %4-ல மாசம், ஒவ்வொரு இலக்கமும் தனியா. "மாதம்.பேட்"ல 12 வரி, கால் ஒன் %1 %2 0 1-ல ஆரம்பிச்சு 1 2 வரைக்கும். "வருடம்.பேட்"ல 12 வரி, கால் மாதம் 8 7-ல ஆரம்பிச்சு 9 8 வரைக்கும். ஃபார் போட்டு எழுதலாம்னு தோணும், ஆனா டாஸ்ல ஃபாருக்குள்ள ஃபார் வைக்க விடாது. கால் கட்டளை டாஸ் 3.3-லேருந்து உண்டு, உங்க 6.22-ல கவலை இல்லை.

க்யூவுக்குப் பின்னால என்டர் இருக்கணும். கோணக்குறியால படிக்கிற ஃபைல் தீர்ந்து போச்சுன்னா டிபக் கீபோர்டுக்குத் திரும்பி வராது, கம்ப்யூட்டரை அணைச்சுத்தான் எழுப்பணும்.

டிபக்ல எனக்கு ஒரு பாடம் உண்டு. 1989-ல ஒரு பத்திரிகையோட ஜெராக்ஸைப் பார்த்து, ஒரு விசைக்காகக் காத்திருந்து அதை எரர்லெவல்ல (நிரல் முடியறப்ப பேட்ச் ஃபைலுக்கு விட்டுட்டுப் போற எண்) கொடுக்கற சின்ன நிரலைத் தட்டினேன். எட்டே பைட். நாலு அசெம்ப்ளி வரி, பிறகு ஒரு வெத்து வரி, பிறகு ஆர்சிஎக்ஸ், 8, பேர், எழுது, வெளியேறு. ஜெராக்ஸ்ல அந்த வெத்து வரி தெரியவே இல்லை. வெத்து வரி இல்லேன்னா டிபக் அசெம்ப்ளியிலேயே நிக்கும், ஆர்சிஎக்ஸையும் ஒரு அசெம்ப்ளி கட்டளையா நினைச்சு எரர் போடும். அதுக்கப்புறம் வர்ற க்யூவும் எரர்தான். திரை முழுக்க எரர், கம்ப்யூட்டர் உறைஞ்சு போச்சு. மூணு தடவை அணைச்சுப் போட்டேன். கடைசியில கையால ஒவ்வொரு வரியா தட்டிப் பார்த்தப்பதான் அந்த வெத்து என்டரோட அவசியம் புரிஞ்சது. அன்னைக்கு ராத்திரி அந்த எட்டு பைட்டை வச்சு ஒரு மெனு பேட்ச் எழுதினேன். டாஸ் 6-ல சாய்ஸ் கட்டளை வர்ற வரைக்கும் எங்க ஊர்ல பத்துப் பதினஞ்சு கடையில அந்த மெனு ஓடிச்சு.

ஹெக்ஸ்20:
லோட்டஸ் 1-2-3, வேர்ட்பெர்ஃபெக்ட் மாதிரி பெரிய நிரல்களுக்கும் அந்தக் காலத்தில் இப்படி டிபக் போட்டுத்தான் செய்தார்களா?

ஃபாக்ஸ்ப்ரோ பழகியவன்:
இல்லை தம்பி. அவற்றில் நிரலுக்குள்ளேயே வாசல் உண்டு. லோட்டஸ் திறக்கும்போது ஆட்டோ123 என்ற பெயரில் ஒரு தாள் இருந்தால் தானாக ஏற்றும். அந்தத் தாளில் \0 என்று பெயரிட்ட மேக்ரோ இருந்தால் தானாக ஓடும். பேட்ச் ஃபைலில் வேண்டிய தாளை ஆட்டோ123 என்ற பெயரில் நகலெடுத்துவிட்டு 123 என்று எழுதினால் போதும். வேர்ட்பெர்ஃபெக்டில் கட்டளை வரியிலேயே /எம் போட்டு மேக்ரோ பெயரைக் கொடுக்கலாம். அப்படி வாசல் இல்லாத நிரல்களுக்குத்தான் விசைகளைத் தானாகத் தட்டும் ப்ரோகீ, போர்லாண்டின் சூப்பர்கீ எல்லாம் விற்றன. சார்லஸ் பெட்ஸோல்ட் பிசி மேகசினில் 1985இல் கொடுத்த கீ-ஃபேக் பேட்ச் ஃபைலுக்கென்றே செய்தது.

நூல்கடை மகள்:
ஐயா, ஒன்.பேட் ஓடுது. டிபக் சத்தமில்லாமல் முடியுது. ஆனால் நிரல் திறந்ததும் விசைகள் எதுவும் போகவில்லை. ஃபாக்ஸ்ப்ரோ அண்ணா சொன்ன துடைப்பு நடக்குதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தேன். ஒன்.பேட்டில் நிரல் பெயர் இருந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். 11 விசையும் டாஸ் ப்ராம்ப்டில் கொட்டியது: ஆர், 3, பிறகு 0187. விசை சரியாக உட்காருது. நிரல்தான் அதைத் துடைக்குது.

கருந்திரை:
அருமையா கண்டுபிடிச்சிருக்கீங்க. நிரலை எடுத்துட்டு ஓட்டிப் பார்க்கணும்னு எனக்கே தோணலை.

துடைச்ச பிறகு விசையை ஊட்டணும், அதுதான் வழி. நினைவகத்துல ஒரு சின்ன நிரல் தங்கி, நொடிக்கு 18.2 தடவை அடிக்கிற டைமர் இன்டரப்ட்டைப் பிடிச்சு, கொஞ்ச நேரம் விட்டு ஒவ்வொரு விசையா கிடங்குல போடணும். அப்ப 15 எழுத்துத் தடையும் கிடையாது, நிரல் எடுக்க எடுக்க போட்டுக்கிட்டே இருக்கலாம். நான் எழுதித் தர்றேன். ஆனா உங்க 486-ல வச்சு இத்தனை சோதனை பண்ண எனக்கு மனசு வரலை. அந்த ஹார்ட் டிஸ்க் முப்பது வருஷத்தைத் தொடுது.

முதல்ல முழு டைரக்டரியையும் நகல் எடுங்க. பிறகு லேப்டாப்ல டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் (பழைய டாஸ் நிரலை இப்போதைய கம்ப்யூட்டர்ல ஓட்டற மென்பொருள்) போடுங்க. அதுல ஆட்டோடைப்னு ஒரு கட்டளை இருக்கு, நான் சொன்ன வேலையைத்தான் செய்யுது. -டபிள்யூ போட்டு எத்தனை நொடி காத்திருக்கணும், -பி போட்டு விசைக்கு விசை எவ்வளவு இடைவெளி, பிறகு விசைகளைப் பேர் சொல்லி வரிசையா. நடுவுல காற்புள்ளி போட்டா கூடுதலா ஒரு நிறுத்தம். ஒன்.பேட்ல டிபக் சம்பந்தப்பட்ட அஞ்சு வரியையும் எடுத்துட்டு இந்த ஒரு வரி:

ஆட்டோடைப் -டபிள்யூ 4 -பி 0.5 ஆர் 3 %3 %4 %1 %2 என்டர் , எஃப் என்டர் , , எஸ்க் எஸ்க்

இலக்கங்களைத் தனித்தனியா பிரிச்சு வச்சது இங்கயும் உதவுது. மாதம்.பேட்டும் வருடம்.பேட்டும் அப்படியே இருக்கட்டும்.

சிபிஎம் காலத்தவர்:
ஓட விடுவதற்கு முன் ஒரு சொல். தானாகத் தட்டும் கைக்குக் கண் கிடையாது. நிரல் எதிர்பாராமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அடுத்த விசை அந்தக் கேள்விக்குப் பதிலாகிவிடும், அதற்குப் பின் எல்லாமே ஓரிடம் தள்ளிப் போகும். அழிக்கவா என்ற கேள்வி எந்த மெனுவில் இருக்கிறது, அதற்கு எந்த விசை பதில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகலில் மட்டுமே ஓட்டுங்கள்.

நூல்கடை மகள்:
நகலில்தான் ஓட்டினேன். ராத்திரி பத்து மணிக்கு வருடம்.பேட் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெனு திறக்குது, 3 தானாகப் பளிச்சிடுது, 01, 87, அறிக்கை ஓடுது, மூடுது, மறுபடி திறக்குது, 02. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து 1988 முடியும் வரை பார்த்தார். ஒவ்வொரு மாதமும் திரையில் ஓடும்போது வியாபாரிகளின் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

காலையில் பார்த்தால் 79 கோப்புதான். திரையில் "பிரிண்டர் தயாராக இல்லை" என்று நிற்குது. 1993 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆகஸ்டைக் கையால் தட்டிப் பார்த்தேன். அந்த மாதத்துக்கு ஒரு பதிவும் இல்லை, அதனால் நிரல் "பதிவு இல்லை, ஏதாவது ஒரு விசையைத் தட்டவும்" என்று கேட்குது. எஃப் அந்தக் கேள்விக்குப் போய்விட்டது. அடுத்த என்டர் மெனுவில் முதலில் இருக்கும் நாளேட்டைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டது. சிபிஎம் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. செப்டம்பரும் அதே மாதிரி காலி.

அந்த இரண்டு மாதத்தையும் தாண்டி அக்டோபரிலிருந்து ஓட விட்டேன். மீதி 63-ம் வந்துவிட்டது. மொத்தம் 142. வீட்டில் அச்சில் இருந்த பழைய பேரேடு நான்கோடு ஒப்பிட்டேன், பைசா மாறவில்லை. அந்த இரண்டு மாதம் ஏன் காலி என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பத்தா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், கடையைத் திறக்கவே இல்லை என்றார்.

இன்னொரு சந்தேகம். டாஸ்பாக்ஸில் டைப் கட்டளை போட்டுப் பார்த்தால் எல்லாக் கோப்பின் தலையிலும் சூரியன் மாதிரி ஒரு குறி இருக்கு. கடைசியில் மேலும் கீழும் போகும் அம்பு ஒன்று. கோப்பு கெட்டுப்போயிருக்கா?

கருந்திரை:
கெடலைங்க. சூரியன் 15-ஆம் எண், அம்பு 18-ஆம் எண். எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கான கட்டளை அது. 15 போனா எழுத்தை நெருக்கி அடிக்கும், 80 எழுத்து அகலத் தாள்ல 130-க்கு மேல அடங்கும். 18 போனா பழைய அளவுக்குத் திரும்பும். உங்க பேரேடு அகலமானதுங்கறதால நிரல் எழுதினவர் அதைப் போட்டிருக்கார். மூலக் கோப்புல அப்படியே விடுங்க. இப்ப அச்செடுக்க ஒரு நகல்ல மட்டும் அந்த ரெண்டு எழுத்தையும் நீக்கிட்டு, சம அகல எழுத்துருவுல, தாளைப் படுக்கை வாட்டத்துல வச்சு அடிங்க. பத்தி எல்லாம் நேரா வரும்.